வத்தல்மலைக்குப் புறப்படும் முன்: ஐப்பசி முதல் தை வரை

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. தீபாவளி, அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்த மூன்று மாதமும் வத்தல்மலைக்கு வண்டிகள் ஏறிக்கொண்டே இருக்கும். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மூவாயிரம் அடியைத் தாண்டிய உயரம், மேலே பனிமூட்டம், காப்பித் தோட்டம், சாமைக் காடு. ஊட்டியையும் ஏற்காட்டையும் பார்த்து முடித்தவர்கள் இந்த மலையைத் தேடி வருவதில் வியப்பில்லை. வரவேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் என்றைக்கு வருவது, எந்த வண்டியில் வருவது, என்ன கொண்டுவருவது, எத்தனை மணிக்கு இறங்குவது என்ற எல்லா முடிவையும் ஒரு கேள்வியை முன்னால் வைத்து எடுக்க வேண்டும்: என்னால் இந்த மலைச் சாலைக்கு இடைஞ்சல் வருமா? குப்பை, கூச்சல், கூட்டம் என்று சுற்றுலாவைப் பற்றிப் பேச எத்தனையோ இருக்கிறது. வத்தல்மலையைப் பொறுத்தவரை எனக்கு முதலில் தெரிவது சாலைதான்.

காரணம் இருக்கிறது. பெரியூர், சின்னாங்காடு, ஒன்றிக்காடு, பால்சிலம்பு, கொட்லாங்காடு என்று மலைமேல் இருக்கும் ஊர்களில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள். நல்ல சாலை வருவதற்கு முன்பு ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அவர்கள் நடந்துதான் இறங்கினார்கள். சாலை இல்லாத மலை எப்படி இருக்கும் என்பதற்கு வேறு மாவட்டம் தேட வேண்டியதில்லை. இதே தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயிருக்கின்றன. வத்தல்மலைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் வந்து மக்களைச் சந்தித்தது 2021 செப்டம்பரில். அரசுப் பேருந்து மலையேறத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த வசதி அது. பிரசவ வலி வந்த பெண்ணும், கீழே படிக்கப் போகும் பிள்ளையும், மூட்டை கட்டிய மிளகும் காப்பியும் எல்லாம் நம்பியிருப்பது இந்தச் சாலையைத்தான். நாம் வருவதும் அதே சாலையில்தான். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை உல்லாசம். அவர்களுக்கு அதுவே பிழைப்பு.

இந்தச் சாலையில் 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் பேருந்து திரும்புவதைக் கவனித்தால் விஷயம் புரியும். மேலே ஏறுகிற பேருந்து வளைவுக்கு வந்ததும் வெளி ஓரம் வரை ஒதுங்கி, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் மூக்கைத் திருப்ப முடியும். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற இடமும் அந்த வெளி ஓரம்தான். படம் எடுக்க ஒருவர் அங்கே காரை நிறுத்திவிட்டால் பேருந்து ஏற்றத்தில் நின்றுபோகும், பிறகு ஈரத் தாரில் பின்னால் உருட்டி மறுபடி திருப்ப வேண்டும். அதற்குள் பின்னால் நாலு பைக், ஒரு வேன் வந்து ஒட்டி நின்றிருக்கும். 108 வண்டி வந்தாலும் அதே கதைதான். ஆகவே வளைவில் எந்த வண்டியும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. படம் எடுக்க வேண்டுமானால் சாலை நேராக, அகலமாக இருக்கும் இடத்தில் இறங்கி நடந்து போங்கள். இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும், இது மலைப்பாதைக்கான போக்குவரத்து விதி. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பிலேயே வண்டியை விடுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும்.

அடுத்தது மழை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு ஓயவில்லை. நிதானமாக உள்ளே நகர்ந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது. பக்கத்து மலையான ஏற்காட்டின் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீடுகள் மீது மண்ணும் பாறையும் விழுந்து ஏழு உயிர் போனது. கடலுக்குத் தூரமான மாவட்டம், புயலுக்கும் நமக்கும் என்ன என்ற நினைப்பை அந்த இரண்டு நாள் உடைத்துவிட்டது. ஆதலால் வானிலை ஆய்வு மையம் தருமபுரிக்கோ சேலத்துக்கோ ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மழை விட்ட மறுநாளும் வேண்டாம். ஊறிய மண் வெயில் பட்ட பிறகும் சரியும். வளைவுகளில் புதிதாக வழியும் ஓடைகளைக் குட்டி அருவி என்று நினைத்துக் குளிக்க நிற்பது இந்தப் பருவத்தின் மிக ஆபத்தான பழக்கம். தண்ணீரோடு கல்லும் வரும். சாலையில் மண்ணோ மரமோ விழுந்து கிடந்தால் சுற்றிக் கடக்கப் பார்க்காமல் 1077-க்குச் சொல்லுங்கள், அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண். நான்கு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் போவதற்குள் அடிவாரம் வந்துவிடலாம்.

பேருந்தில் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். மலைக்குப் போகும் நடைகள் கொஞ்சம். விடுமுறை நாளில் சுற்றுலாப் பயணிகள் இருக்கையெல்லாம் பிடித்துக்கொண்டால் தருமபுரியில் வேலை முடித்துத் திரும்பும் ஊர்க்காரர் மூட்டையோடு நிற்க வேண்டிவரும். வார நாளில், கூட்டமில்லாத நடையில் பேருந்து நல்ல வழி. சனி, ஞாயிறுகளில் நாலு கார் எடுப்பதை விட்டு எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வது நல்லது. முடிந்தவரை வார நாளைத் தேர்ந்தெடுங்கள்.

அரசே சுற்றுலாத் தலம் என்று அறிவித்த இடத்துக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்கள். அதைச் சுற்றுலாவுக்கு எதிரானது என்று யாரும் சொல்வதில்லை. ஆற்றுக்கு ஒரு அளவு உண்டு என்று ஏற்கிறோம். மலைச் சாலைக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. நீலகிரியும் கொடைக்கானலும் அதைத் தாமதமாக ஏற்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதுவும் போதாமல் 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பே வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நூறு வருடத்துக்கு மேல் சாலையும் விடுதியும் கட்டிப் பழகிய ஊர்களுக்கே அந்த நிலை. வத்தல்மலையில் இருப்பது சில சிற்றூர்களும் ஒரு சாலையும். நீதிமன்றம் வரை போகாமல் வருகிறவர்களே பார்த்து நடந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

குப்பையும் இந்தச் சாலைப் பிரச்சினைதான். மேலே போடுகிற ஒவ்வொரு பாட்டிலையும் யாராவது அதே வளைவுகள் வழியே இறக்க வேண்டும். இறக்க வண்டி இல்லையென்றால் அது ஓடையில் கிடக்கும், அல்லது எரிக்கப்படும். ஒரு பாட்டிலால் என்ன ஆகிவிடும் என்கிறவர், அன்றைக்கு வந்த மற்ற எல்லோரும் அதையே நினைத்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மலைமேல் அதை யாரும் வாசலில் நின்று சோதிக்காவிட்டாலும் சட்டம் சட்டம்தான். வீட்டிலிருந்து கேனில் தண்ணீர், எவர்சில்வர் தட்டு, டம்ளர், குப்பைக்கு ஒரு சாக்குப்பை கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததில் மிச்சமானது உங்களோடே இறங்கட்டும். மது பாட்டில் வேண்டவே வேண்டாம். உடைந்த கண்ணாடி சாமைக் காட்டில் கிடந்தால் களை வெட்டும் பெண்ணின் காலைக் கிழிக்கும். நீலகிரியில் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது, அத்தனை கண்ணாடி காட்டில் சேர்ந்துவிட்டது.

சுற்றுலா வந்தால் மலை மக்களுக்கு வருமானம் வரும், அதைக் கெடுக்காதீர்கள் என்பது இன்னொரு வாதம். வருமானம் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தருமபுரியில் பிரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறி, மேலே சாப்பிட்டு, பொட்டலத்தை விட்டுவிட்டு இறங்குகிறவரால் மலையில் யாருக்கும் ஒரு ரூபாய் வருவதில்லை. மேலே இருக்கும் கடையில் சாப்பிடுங்கள். கூட்டமாக வந்தால் ஏறிய உடனே சொல்லிவைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், சமைக்க நேரம் கிடைக்கும். காப்பிப் பழம் பறிக்கும் காலம் இது. காப்பிக்கொட்டையோ சாமையோ மிளகோ விளைவித்தவரிடமே வாங்குங்கள், அவர் சொல்லும் விலையில் பேரம் வேண்டாம். களத்தில் காயப்போட்ட பழத்தின் மேல் நடந்து போய்ப் படம் எடுக்காதீர்கள். செடியில் கை வைக்கும் முன், முற்றத்தில் நுழையும் முன் கேளுங்கள். மலைச்சரிவில் இருப்பது வனத்துறைக் காடு. அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் போடுவதும் தீ மூட்டுவதும் குற்றம். திரும்பும்போது இங்கே ஏக்கர் என்ன விலை என்று விசாரிக்கும் வழக்கம் ஒன்று மலைக்கு மலை பரவி வருகிறது. இந்த மலையில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இறங்குங்கள்.