வெள்ளையணுவுக்கு ஒன்றும் ஆகாதாம்!

ரத்த மாதிரியிலிருந்து சிவப்பணுக்களை நீக்கப் பயன்படும் லைசிஸ் பஃபரைப் பற்றி ஆய்வகங்களில் ஒரு பேச்சு சாகாமல் உலவுகிறது. “அது சிவப்பணுவை மட்டும்தான் உடைக்கும், வெள்ளையணுவைத் தொடவே தொடாது, கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் மாதிரி இன்னும் சுத்தமாகும்” என்பதுதான் அது. சீனியர் ஜூனியருக்குச் சொல்ல, அந்த ஜூனியர் அடுத்த ஆண்டு வருபவருக்குச் சொல்ல, இப்போது அது பாடம் போலவே ஆகிவிட்டது. குழாயில் பஃபரை ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள், திரும்பி வந்து செல் குறைந்திருப்பதைப் பார்த்தால் சென்ட்ரிஃபியூஜைத் திட்டுகிறார்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை படித்திருந்தால் அந்த டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள்.

பரவலாகப் பயன்படும் பஃபரில் மர்மம் ஏதும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 கிராம் அம்மோனியம் குளோரைடு, 1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், சிறிதளவு இ.டி.டி.ஏ.; பி.எச். 7.2 முதல் 7.4 வரை. இதன் ஊடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ ரத்தப் பிளாஸ்மாவுடையதுதான். ஆகவே ‘நீர்த்த உப்புநீர் என்பதால் செல் வெடிக்கிறது’ என்ற விளக்கம் இங்கே செல்லாது. உண்மையான காரணத்தை ஜேக்கப்ஸும் ஸ்டூவர்ட்டும் 1942-இலேயே எழுதிவிட்டார்கள். அம்மோனியம் அயனியோடு சமநிலையில் இருக்கும் அம்மோனியா மூலக்கூறு செல் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போகிறது. அங்கே ஒரு புரோட்டானைப் பிடித்து மறுபடி அம்மோனியம் ஆகிறது. புரோட்டான் போனதால் மிஞ்சும் ஹைட்ராக்சைடு, கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. அதை விரைவுபடுத்துவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி. அந்தப் பைகார்பனேட் ‘பேண்ட் 3’ என்ற சவ்வுப் புரதத்தின் வழியே வெளியேற, பதிலுக்குக் குளோரைடு உள்ளே வருகிறது. சுற்று திரும்பத் திரும்ப நடக்க, செல்லுக்குள் அம்மோனியம் குளோரைடு சேர்கிறது, தண்ணீர் அதைத் தேடி வருகிறது, செல் உப்பி உடைகிறது. சிவப்பணுவில் ஹீமோகுளோபினுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் புரதம் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்; பேண்ட் 3 ஒரு செல்லுக்குச் சுமார் 10 லட்சம். நொதியை அசெட்டசோலமைடு என்ற மருந்தால் முடக்கினால் உடைப்பு மந்தமாகிவிடுவதே இந்த விளக்கத்துக்குச் சாட்சி.

இப்போது வதந்திக்கு வருவோம். வெள்ளையணுவின் சவ்வையும் அம்மோனியா கடக்கத்தான் செய்கிறது. சிவப்பணுவுக்கு வாய்த்த அளவில் அந்த நொதியும் அயனி மாற்றுப் புரதமும் அதற்கு இல்லை. அதனால் அது மெதுவாக உப்புகிறது, அவ்வளவுதான். லைசிஸ் பஃபர் இரண்டையும் தரம் பிரிக்கும் சல்லடை அன்று. வெள்ளையணுவுக்குக் கிடைத்திருப்பது விதிவிலக்கு இல்லை, சில நிமிட அவகாசம். நெறிமுறைகள் 1 பங்கு ரத்தத்துக்கு 10 பங்கு பஃபர், அறை வெப்பநிலையில் 5 முதல் 10 நிமிடம், பிறகு உடனே பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊற்றி நிறுத்து என்று சொல்வது இந்த அவகாசத்தைக் கணக்கிட்டுத்தான். சிவப்பணுக்கள் உடைந்து முடிந்த பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் வெள்ளையணுவின் கணக்கில்தான் கழிகிறது.

“அரை மணி நேரம் விட்டேன், டிரிப்பான் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்தேன், செல் எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது” என்று பதில் வரும். டிரிப்பான் ப்ளூ சொல்வது அந்த நொடியில் சவ்வு கிழியவில்லை என்பதை மட்டுமே. செல் தன் வேலையைச் செய்கிறதா என்று அதற்குத் தெரியாது. அம்மோனியம் குளோரைடு லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைக்கும் என்பதை ஒகுமாவும் பூலும் 1978-இல் மேக்ரோஃபேஜ் செல்களில் அளந்து காட்டினார்கள். அதற்கு லைசிஸ் பஃபரில் உள்ள செறிவு தேவையே இல்லை, அதைவிட மிகக் குறைந்த அளவு போதும். நோய்க்கிருமியை விழுங்கும் திறனையோ ஆன்டிஜென் செரிமானத்தையோ சோதிக்கப் போகிறவர், அந்தச் செல்லை உப்பில் ஊறவைத்துவிட்டு முடிவு ஏன் விசித்திரமாக வருகிறது என்று கேட்பது வேடிக்கை. இன்னொரு மறுப்பில் நியாயம் இருக்கிறது: எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் என்ன கெடுதல்? கெடுதல் இல்லை. நியூபாவர் அறையில் எண்ணுவதற்கான டர்க் கரைசலில் இருக்கும் அசெட்டிக் அமிலம் வெள்ளையணுவைக் கொன்றேவிடுகிறது. உட்கரு தெரிந்தால் போதும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. டி.என்.ஏ. எடுப்பவருக்கும் அப்படியே. உயிருள்ள செல் தேவைப்படும் இடத்துக்கு அந்தச் சலுகையை எடுத்துச் செல்வதுதான் தவறு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. ‘எல்லா லைசிஸ் கரைசலும் ஒன்றுதான்’: ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு விற்கப்படும் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது; அதில் போட்ட செல்லை வளர்க்க முடியாது, அதன் பிறகு உயிர்ச்சாயம் போடுவதிலும் பொருளில்லை. ‘பனிக்கட்டியில் வைத்தால் பத்திரம்’: குளிரில் உடைப்பே மந்தமாகும், அறை வெப்பநிலைக்கு எழுதிய நேரத்தைப் பனிக்கட்டியில் பின்பற்றினால் சிவப்பணு மிச்சமிருக்கும். ‘வண்டல் சிவப்பாக இருந்தால் மூன்று முறை திரும்பச் செய்’: ஒட்டிய ஹீமோகுளோபினாக இருந்தால் ஒரு நல்ல கழுவலே போதும். அதைக் கழுவாமல் விட்டாலோ பி.சி.ஆர். தடைபடும். ‘எந்த ரத்தத்துக்கும் ஒரே நேரம்’: தலசீமியா மாதிரிகளில் சிவப்பணு எளிதில் உடையாது. பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் உட்கருவுள்ள சிவப்பணு இருக்கலாம். அந்த உட்கரு வெள்ளையணுவாக எண்ணப்படும், திருத்தக் கணக்குப் போட வேண்டும். நாமக்கல் பக்கம் கோழி ரத்தம் பார்ப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. பறவைகளின் சிவப்பணு எல்லாவற்றிலும் உட்கரு உண்டு என்பதால் அவர்கள் உடைக்காமலே சாயமிட்டு எண்ணும் நாட்–ஹெரிக் கரைசலை நாடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் வேர் ஒன்றுதான்: பஃபரை வாங்கும் பழக்கம். எடை போட்டுக் கலக்கத் தெரிந்த மூன்று மலிவான பொருள்களைப் பளபளக்கும் பாட்டிலில் வாங்கி, ஆய்வேட்டில் ‘தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்படி செய்யப்பட்டது’ என்று ஒரே வரியில் கைகழுவுகிறார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எவராலும் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. மாணவர்கள் முதல் மாதத்திலேயே பஃபரைத் தாங்களே தயாரிக்கட்டும், பி.எச். பார்க்கட்டும், சிவப்பணு உடைந்து கலங்கல் தெளியும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்கட்டும். வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கலவை, விகிதம், வெப்பநிலை, நிமிடம் ஆகிய நான்கும் எழுதப்படாத செய்முறைப் பகுதியில் கையெழுத்துப் போடாதீர்கள்.