வயிற்றுக்கு பாத்திக், மனதுக்கு ஓவியம்

கேள்வி: கல்யாணப் படங்கள், கடைச் சுவர் ஓவியங்கள் என ஆர்டர்களிலேயே நாள் கரைகிறது. சொந்தப் படைப்பு என்னாவது? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் பிறந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில்தான் அந்தக் கலைஞர்கள் நிலம் வாங்கினார்கள். மீதிப் பொழுதில் ஓவியமும் சிற்பமும் படைத்தார்கள். சந்தைக்குச் செய்தால் கை பழுதாகாதா என்பீர்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் சோற்றுக்கு பாத்திக் இருந்ததால், ஒவ்வொரு ஓவியமும் விலைபோயே தீரவேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்தது. கையைக் கெடுப்பது ஆர்டர் அல்ல, ஆர்டருக்கும் சொந்தப் படைப்புக்கும் நடுவே வரப்பு இல்லாமைதான். தனியாளுக்கு அவர்களின் கூட்டு பலம் கிடையாது. எனவே வரப்பை நீங்களே போடவேண்டும். வாரத்தில் இரண்டு காலைகளைச் சொந்தப் படைப்புக்கு முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சிய நேரத்துக்கு மட்டும் ஆர்டர் வாங்குங்கள்.