பட்டியலில் இல்லாத வீடு



நாட்டிலே கொள்ளை நோய் பரவும்போது அரசாங்கத்துக்கு இரண்டு கடமைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. நோயாளிக்கு மருந்து கொடுப்பது ஒன்று. நோயில்லாதவரின் வீட்டிலும் அடுப்பு அணையாமற் பார்ப்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவர். இரண்டாவதைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய படிப்பினை

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் பெருங்கொள்ளையாக மூண்டது. மழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரிதும் தாக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே வருமானம் குன்றி, வரட்சியால் விளைச்சலும் குறைந்திருந்த குடும்பங்களையே காய்ச்சல் வந்து பிடித்தது. வயிறு காய்ந்தவனைக் கொயினா மருந்து மட்டும் காப்பாற்ற மாட்டாது. இதனை உணர்ந்தே சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மருந்தோடு உணவையும் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர். நோயும் பசியும் சேர்ந்து வரும்போது உதவியும் சேர்ந்தே செல்லவேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

2020இல் நடந்தது

கோவிட் நோய் பரவியபோது, 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் அது மே 26 வரை நீடித்தது. மாதச் சம்பளக்காரருக்கு இது அடைபட்ட வாழ்வு. நாட்கூலிக்காரருக்கோ அன்றே வருமானம் நின்றது. மேசனும் முச்சக்கரவண்டிச் சாரதியும் சந்தை வியாபாரியும் இந்த நிலைக்கே ஆளாயினர்.

அரசாங்கம் ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களிலும் 5,000 ரூபா கொடுப்பனவு வழங்கியது. சமுர்த்தி பெறுவோர், அதற்காகக் காத்திருந்தோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருடன் தொழிலிழந்தோரும் சேர்க்கப்பட்டனர். நாட்டின் குடும்பங்களிற் பெரும்பகுதியினருக்கு இது கிடைத்தது. குறுகிய காலத்தில் இத்தனை வீடுகளுக்குப் பணம் சேர்த்தமை சிறிய காரியமன்று.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். 5,000 ரூபாவை 30 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 167 ரூபா. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 42 ரூபாவும் இல்லை. அடுப்பு அணையாதிருக்க அது உதவியது. கடனின்றி வாழப் போதவில்லை. வங்கிக் கடன்களுக்கும் வாகனக் குத்தகைகளுக்கும் சலுகைக் காலம் கொடுக்கப்பட்டது. ஆனால் தவணை பின்போடப்பட்டதேயன்றிக் கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை என்பதைப் பலர் பின்னரே உணர்ந்தனர்.

யார் விடுபட்டனர்?

நிவாரணம் வீட்டைத் தேடி வருவதில்லை. பட்டியலைத் தேடியே வருகிறது. பேராபத்து வேளையில் புதிதாக வீடுவீடாய்க் கணக்கெடுக்க நேரம் இராது. எனவே ஏற்கெனவே கையிலிருக்கும் பதிவேடுகளே முதலில் திறக்கப்படும். அவற்றில் இல்லாதவர் யார்? சொந்த ஊரில் பதிந்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கருகே வாடகை அறையில் தங்கும் பெண்பிள்ளை. மலையகத்திலிருந்து கொழும்புக் கடையில் வேலைக்கு வந்த இளைஞன். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்தும் ஒரே குடும்பமாக எழுதப்பட்ட இரண்டாவது குடும்பம். தேவை இவர்களிடம் இருந்தது. பெயர்தான் உரிய இடத்தில் இருக்கவில்லை.

இன்னொரு கேடும் உண்டு. 2020 தேர்தல் ஆண்டாகவும் இருந்தது. அரசியல்வாதிகள் முன்னின்று நிவாரணம் கொடுப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. இங்கே தெளிவு வேண்டும். அப்பணம் எவருடைய சட்டைப்பையிலிருந்தும் வந்ததன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறான். தான் சேர்த்த பணத்திலிருந்து தன் துன்ப நாளில் பங்கு பெறுபவன் எவருக்கும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தன் வாக்கை ஈடாகக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

2023 ஜூலையில் அஸ்வெசும திட்டம் ஆரம்பமானபோதும் இதே கேள்வி எழுந்தது. தெரிவுப் பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. ஆகவே அடுத்த இடர் வருமுன்னரே சில காரியங்களை முடித்து வைப்போம்.

முதலாவது, நீங்கள் இப்போது வசிக்கும் இடத்தின் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் குடும்பம் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று கேட்டறியுங்கள். இரண்டாவது, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்கு செய்யுங்கள். மூன்றாவது, மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, திகதியிட்ட பிரதியொன்றை வைத்திருங்கள். எந்த அளவுகோலின்படி தெரிவு நடந்தது என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வழி செய்கிறது.

நான்காவது, வசதியுள்ளவர்களுக்கு. தேவையில்லாத வீடு தன் பெயரையும் பட்டியலில் நுழைக்கும்போது, தேவையுள்ள ஒரு வீட்டின் பங்கு குறைகிறது. இது சாமர்த்தியமன்று, அநீதி. மாறாக, எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். நடக்க இயலாத முதியவருடன் ஓர் இளைஞர் அலுவலகம் வரை கூடச் செல்லலாம்.

அரசாங்கத்தின் பதிவேட்டில் ஒரு வீடு விடுபடலாம். ஆனால் அவ்வீட்டில் அடுப்புப் புகைகிறதா இல்லையா என்பதை அயல்வீட்டார் அறிவர். உங்கள் ஒழுங்கையில் அப்படி விடுபட்ட வீடு எது? இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள்.