நீ போன பிறகும் சர்வர் ஓட வேண்டும்

அன்புப் பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. பள்ளியில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை வெப் சர்வராக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். மழையிலும் காற்றிலும் உங்கள் மலையூரான மன்னவனூருக்கு இணையம் வராமல் போனாலும், பள்ளிக்குள் இருக்கும் சர்வர் வேலை செய்யும். ஒரு வைஃபை ரவுட்டர் இருந்தால், நீங்கள் எழுதிய பாடக் குறிப்புகளையும் மலைப்பூண்டுச் சாகுபடி பற்றிய பக்கங்களையும் எல்லா வகுப்புகளிலும் திறந்து படிக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளையும் சேர்த்துக்கொண்டால், தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கி இணையமின்றிப் படிக்கலாம்.

தொடங்குமுன் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள். 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வரைத்தான் பலர் பயன்படுத்தினார்கள். 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அதைக் கவனிக்க ஆளில்லை. ஆனால் மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்தது. அந்த சர்வரை ஓட்டியவர்கள் தாங்கள் செய்திருந்த திருத்தங்களை மின்னஞ்சல் வழியே ஒன்றுசேர்த்து, 1995இல் வெளியிட்டதே அப்பாச்சி. ஓராண்டுக்குள் உலகில் மிக அதிகமாக ஓடும் வெப் சர்வர் அதுவாயிற்று. எழுதியவர் போன பின்னும் வேலை நிற்கவில்லை. மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூலத்தின் பெரிய பலன் இதுதான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், இலங்கைத் தமிழ் நூல்களைக் காக்க 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் மீடியாவிக்கி என்ற திறமூல மென்பொருளில்தான் நடக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸைப் போட்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அப்பாச்சியை நிறுவு. ஒரே கட்டளைதான். பிரவுசரில் அந்த கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியை அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும். ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிடு. இல்லையென்றால் கரண்ட் போய் வரும்போது முகவரி மாறி, பிள்ளைகள் பக்கத்தைத் தேடி அலைவார்கள்.

உன் பக்கங்களை அப்பாச்சிக்கென்று இருக்கும் ஃபோல்டரிலேயே வை. உன் சொந்த ஃபோல்டரில் வைத்தால் அதைத் திறக்க அப்பாச்சிக்கு அனுமதி இருக்காது. 403 என்று பிழை வரும். அப்போது பதறி எல்லாக் கோப்புகளுக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடாதே. யார் வேண்டுமானாலும் அவற்றை மாற்றலாம் என்று ஆகிவிடும். அப்பாச்சிக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். 404 வந்தால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று பொருள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் சரிபார். 500 வந்தால் கோளாறு சர்வருக்குள் இருக்கிறது.

எந்தப் பிழையானாலும் முதலில் எரர் லாகைத் திற. எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பில், என்ன தவறு என்று அப்பாச்சி அதில் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் ஊகத்தில் மாற்றம் செய்தால் ஒரு பிழை இரண்டாகும். சர்வரை நடத்தத் தெரிந்தவர்களின் திறமையில் பாதி, லாகைப் பொறுமையாகப் படிப்பதுதான்.

அப்பாச்சியின் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் கோப்பைத் திருத்துமுன் நகல் எடு. திருத்திய பின் கன்ஃபிக் டெஸ்ட் கட்டளையைக் கொடு. தவறு இருந்தால் எந்த வரி என்று சொல்லிவிடும். சரி என்று வந்த பிறகே ரீலோட் செய். ரீலோட் செய்தால், அந்த நேரத்தில் பக்கம் திறந்துகொண்டிருப்பவர்களின் இணைப்பு அறுபடாது.

இணையம் கிடைக்கும் நாளில் பாதுகாப்பு அப்டேட்டுகளைப் போட்டுவிடு. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் பேக்கப் எடு. கரண்ட் திடீரென்று நின்றால் கோப்புகள் கெடலாம்; அதனால் சிறிய யு.பி.எஸ். ஒன்று அவசியம். பின்னாளில் தளத்தை வெளியுலகுக்குத் திறந்தால், லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் போட்டுக்கொள். அது குறுகிய காலத்திலேயே காலாவதியாகும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம்.

இவ்வளவும் நீ எளிதாகக் கற்றுக்கொள்வாய். ஆனால் பிளஸ் டூ முடித்து நீ மலையிறங்கிக் கல்லூரிக்குப் போனால் இந்த சர்வரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நிறுவியவரோடு அறிவும் போய்விட்டால் சர்வரும் சீக்கிரம் நின்றுபோகும். அதனால் ஒரு நோட்டுப் போடு. எந்த மென்பொருளை நிறுவினாய், எந்தக் கோப்பில் எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று தேதி போட்டுத் தமிழில் எழுது. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாமல், பொறுப்பாசிரியரிடம் தனியாகக் கொடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைக் கூட வைத்துக்கொண்டு, அந்த நோட்டைப் பார்த்து அவர்களே முதலிலிருந்து நிறுவும்படி செய். அவர்கள் தடுமாறும் இடத்தில் உன் குறிப்பைத் திருத்து.

பிறர் பகிர்ந்துகொண்ட உழைப்பால்தான் அப்பாச்சி உன் கைக்கு இலவசமாக வந்திருக்கிறது. நீயும் அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா