பாம்புக்கும் பட்டுப்புழுவுக்கும் வீடு

பள்ளிக்கூடத்தில் ஒரு பாம்பை வைத்துப் பாடம் நடத்தக் கூடாதா என்று கரோல் பாக்கில் என்னிடம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பையோ நட்சத்திர ஆமையையோ உரிய அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆனால் அவற்றுக்கு எப்படி இடம் அமைப்பார்கள் என்று தெரிந்துகொள்வது நல்ல பாடம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நேரிலேயே பார்க்கலாம்.

கிண்டியில் 1972இல் ராமுலஸ் விட்டேக்கர் அமைத்த பாம்புப் பண்ணை இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அதன் வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இயங்கி வந்தது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை இருளர்கள் பிடித்து வந்து, வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம்தான் மூலப்பொருள்.

பானை ஏன்? உள்ளே இருட்டு. துணி வழியே காற்று வரும். மண்சுவர் சூட்டைத் தணிக்கும். உடம்பு சுவரில் படும்படி சுருண்டு கிடந்தால்தான் பாம்புக்குப் பயம் தெளியும். கண்ணாடிப் பெட்டி நமக்குத்தான் அழகு. ஒளிய இடம் இல்லாவிட்டால் பாம்பு மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், இரையும் எடுக்காது.

அடுத்தது வெப்பம். ஊர்வனவற்றுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். ஆகவே கூண்டின் ஒரு கோடி வெதுவெதுப்பாகவும் மறு கோடி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்று அதுவே முடிவு செய்யும். இரண்டு கோடியிலும் ஒளிவிடம் வேண்டும். இல்லையேல் பயந்த பாம்பு மறைவுக்காகக் குளிரிலேயே கிடக்கும், தின்ற எலி செரிக்காமல் வயிற்றில் அழுகும். சென்னையில் இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜனவரியில் 5 டிகிரியும் மே மாதத்தில் 45 டிகிரியும் காணும் டில்லியில் குளிர்காலத்துக்குச் சூடேற்றியும் கோடைக்குக் குளிர்ச்சியும் தேவை. விளக்கு, பாம்புக்கு எட்டாதபடி வலைக்கு வெளியே இருக்கட்டும், தொட்டால் சுட்டுவிடும். முதலை முட்டைக்கோ வெப்பம் இன்னும் பெரிய விஷயம்: அடைகாக்கும் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? பட்டுப்புழு வளருங்கள். மனிதன் வளர்த்துப் பழக்கிய பூச்சி அது, அந்துப்பூச்சியானாலும் பறக்காது. டில்லியில் குளிர்காலத்தில் இலை உதிர்த்த மல்பெரி மரம் பிப்ரவரி கடைசியில் துளிர்க்கும். அப்போது ஆரம்பித்தால் மே மாதத்து லூ காற்றுக்கு முன் கூடு கட்டிவிடும். அட்டைப்பெட்டி போதும். இலையை ஈரம் துடைத்துப் போடவும், எச்சத்தைத் தினமும் அகற்றவும். நான்கு முறை தோலுரிக்கும். தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும் அந்தச் சமயத்தில் தொடாதீர்கள். ஐந்தாம் பருவத்தில் இலை தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கும். மரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.