காற்றாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தை மாதமே பேசுங்கள்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூட்டம் சேரும் நாட்களில், ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் காத்தாடிகள் ராப்பகலாகச் சுற்றும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் இந்தப் பகுதிக் காற்றாலைகளுக்கு உயிர். மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதம். ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஐந்து மாதத்திலேயே வந்துவிடும். மில்லுக்குச் சொந்த மின்சாரம் வேண்டுமென்று காற்றாலை வைத்திருப்பவர்கள் பஞ்சு வாங்கும்போது அத்தனை கவனமாக இருப்பார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தை மட்டும் ஏப்ரல் கடைசியில், குறைந்த கொட்டேஷன் எது என்று பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். காற்று வந்த பிறகு பேரம் பேச முடியாது. தை பிறந்ததும் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, உங்கள் இயந்திரத்தை நீங்களே தெரிந்துகொள்வது. யாரையும் கூப்பிட்டு விலை கேட்பதற்கு முன், கடந்த மூன்று சீசன்களின் உற்பத்திக் கணக்கையும் நின்றுபோன மணிநேரங்களையும் எடுத்து வையுங்கள். எந்தக் கோளாறில் எத்தனை மணிநேரம் நின்றது, அதில் இயந்திரத்தின் குறை எவ்வளவு, மின்வாரிய லைன் இல்லாமல் நின்றது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 225, 250 கிலோவாட் பழைய இயந்திரமா, கியர்பாக்ஸே இல்லாத வகையா என்பதைப் பொறுத்து ஆளும் மாறுவார், செலவும் மாறும்.

கியர்பாக்ஸ் உள்ள இயந்திரம் என்றால் எண்ணெய் மாதிரியை உங்கள் செலவிலேயே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மொத்தச் செலவில் இது மிகச் சிறியது, சொல்லும் செய்தியோ பெரியது. இரும்புத் துகள் கூடியிருந்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. சிலிக்கான் கூடியிருந்தால் பிரீதர் வழியாகப் புழுதி உள்ளே போகிறது. நம் கரிசல் காட்டில் இது அடிக்கடி நடப்பது. தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயின் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஜெனரேட்டர் சுருளின் காப்புத்திறனை மெகர் வைத்துப் பார்த்து, டவரின் எர்த் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்கள் கையில் இருந்தால், கொட்டேஷன் கொண்டுவருபவர் உங்களிடம் வேறுமாதிரி பேசுவார்.

அடுத்தது, எந்த வகை ஒப்பந்தம் என்று முடிவு செய்வது. ஆள்கூலி, கிரீஸ், ஃபில்டர் மட்டும் அடங்கியது ஒன்று. ஸ்பேர் எல்லாம் சேர்ந்த முழு ஒப்பந்தம் மற்றொன்று. கெட்டால் மட்டும் கூப்பிடுவது மூன்றாவது. தன் ஆட்களே உள்ள பெரிய மில்லுக்கு அது சரிப்படலாம், ஒன்றிரண்டு இயந்திரம் வைத்திருப்பவருக்கு வேண்டாம். முழு ஒப்பந்தம் என்று தலைப்பில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், பிளேடு, மெயின் ஷாஃப்ட், கன்ட்ரோலர் கார்டு என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, உள்ளே வருமா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். கிரேன் வாடகை யார் தலையில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பெரிய சண்டைகள் அங்கேதான் வருகின்றன.

இனி வருவதுதான் ஒப்பந்தத்தின் மையம். ‘97 சதவீதம் இயந்திரம் தயார்நிலையில் இருக்கும்’ என்று உறுதி தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணிநேரம்; அதில் 3 சதவீதம் 263 மணிநேரம், கிட்டத்தட்ட 11 நாள். அந்த 11 நாளும் ஜூலையில் போனாலும் ஒப்பந்தப்படி அவர் தவறவில்லை. 225 கிலோவாட் இயந்திரம் முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளில் 5,400 யூனிட். யூனிட்டை 7 ரூபாய் என்று வைத்தால் 11 நாளில் நான்கு லட்ச ரூபாய்க்கு மேல் போய்விடும். அதே 97 சதவீதத்தை மே முதல் செப்டம்பர் வரையிலான 153 நாளுக்குத் தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். அப்போது அவருக்குக் கிடைக்கும் சலுகை ஐந்து நாளுக்கும் குறைவு. சீசனுக்குத் தனிக் கணக்கு, மற்ற மாதங்களுக்குத் தனிக் கணக்கு: இந்த ஒரு வரிக்காக ஒப்பந்தத் தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் தகும்.

இழப்பீட்டை ஒப்பந்தத் தொகையின் சதவீதமாகப் போடாமல், இழந்த யூனிட்டுக்கு இவ்வளவு என்று போடுங்கள். எவ்வளவு இழந்தோம் என்பதை எப்படி அளப்பது? பக்கத்தில் அதே வகை இயந்திரம் அதே நேரத்தில் எவ்வளவு ஓட்டியதோ அதை அளவுகோலாக எழுதிக்கொள்ளலாம். லைன் இல்லாத நேரம் கணக்கில் வராது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தைப் பதிவேட்டில் யார் எழுதுகிறார், உங்கள் ஆள் கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள்.

கியர்பாக்ஸ் மாற்ற நேர்ந்தால் எங்கிருந்து வரும்? மாற்று கியர்பாக்ஸ் கைவசம் உள்ளதா, பழுதுபார்த்ததா, பளு ஏற்றிச் சோதித்த சான்று உண்டா, எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதையெல்லாம் முன்பே கேளுங்கள். இன்னொன்று, வெளியூர் கம்பெனிகள் மறந்துவிடுவது: ஐப்பசி, கார்த்திகை மழை பெய்த கரிசலில் கனரக கிரேன் இறங்கினால் புதைந்துபோகும். பக்கத்து நிலத்துக்காரரின் பயிர் நின்றால் வழியும் கிடைக்காது. அறுவடை முடிந்து மண் இறுகிய தை, மாசி, பங்குனிதான் கிரேன் வேலைக்கு ஏற்ற காலம். வழிக்கும் பயிர்ச் சேதத்துக்கும் நிலத்துக்காரரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசி, பணத்தை முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். அந்த உறவு உங்களுடையது. ஒப்பந்தக்காரர் அடுத்த ஆண்டே மாறிப் போகலாம்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது அலுவலகத்தைப் பார்க்காதீர்கள், சைட்டுக்குப் போங்கள். அவர்கள் ஏற்கெனவே பராமரிக்கும் இயந்திரத்தின் அடியில் நின்று, அதன் உரிமையாளரிடமும் ஏறி இறங்கும் டெக்னீஷியனிடமும் பேசுங்கள். ஒரு குழுவுக்கு எத்தனை இயந்திரம்? இரவில் நின்றால் எங்கிருந்து வருவார்கள்? ஸ்டோரில் என்னென்ன ஸ்பேர் இருக்கின்றன? ஏறும் ஆளின் பாதுகாப்பு பெல்ட்டையும் கயிற்றையும் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே ஒருவர் மயங்கினால் கீழே இறக்க அந்தக் குழுவுக்குத் தெரியுமா, காப்பீடு உண்டா என்று கேளுங்கள். இதற்குப் பதில் சரியாக வராத கம்பெனிக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேலை கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுப் பிள்ளையின் உயிர் அது.

கன்ட்ரோலரின் பாஸ்வேர்டும் உற்பத்தித் தகவல்களும் உங்களுக்கே சொந்தம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் பெரிய காற்றாலை நிறுவனமாக இருந்த வின்ட் வேர்ல்டு 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. எத்தனை பெரிய நிறுவனத்தையும் வாழ்நாள் முழுக்க நம்பியிருக்க முடியாது. பணத்தை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டிக் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை முடிந்த அறிக்கையைப் பார்த்துக் கொடுங்கள்.

இருபது ஆண்டு தாண்டிய இயந்திரமென்றால் ஓரிரு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட வேண்டாம். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பழையதில் இன்னும் பணம் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

கையெழுத்தான பிறகு, பழைய குழு, புதிய குழு, உங்கள் இன்ஜினியர் மூவரும் சேர்ந்து மேலே ஏறிக் கூட்டாய்வு நடத்தி, இருக்கும் குறைகளைப் படத்தோடு பதிவு செய்யுங்கள். அதை மாசிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரையில் ஏறினால் குறையைப் பார்க்க மட்டுமே நேரமிருக்கும், மாற்ற இருக்காது.