மெட்ராஸ் என்றொரு சிம்பொனி

ஜவ்வாது மலையில் பிறந்த ஒருவன் மேனாட்டுச் சிம்பொனியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். "உனக்கும் அதற்கும் என்னப்பா தொடர்பு?" என்று விடுதித் தோழர்கள் கேட்கவே செய்தார்கள். தொடர்பு இருக்கிறது, அதுவும் நம் சென்னை வழியாகவே இருக்கிறது.

சிம்பொனி என்பது பல வாத்தியங்கள் கூடிய பெருங்குழு இசைக்கும் நெடிய படைப்பு. பீத்தோவன், மொசார்ட் என்னும் பெயர்களை நாம் கேட்டிருக்கிறோம். ஹென்றி கவல் என்ற அமெரிக்கரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1897இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர் 1956-57இல் உலகப் பயணம் மேற்கொண்டபோது சென்னைக்கும் வந்து நம் இசையைக் கேட்டார். அதன் விளைவாக எழுந்த அவருடைய பதின்மூன்றாம் சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். நம் ஜலதரங்கத்துக்கும் தபேலாவுக்கும் அதில் இடம் உண்டு. 1959 மார்ச்சில், நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு குழு அதைச் சென்னையிலேயே அரங்கேற்றியது. நம் தலைநகரின் பெயரைத் தாங்கிய அந்தப் படைப்பின் பெயரைக்கூட இசையறிந்த என் நண்பர்கள் எவரும் கேள்விப்பட்டதில்லை!

இதற்குக் காரணம் என்ன? என் கருத்தில், பதிவுதான். அச்சேறாத நூல் எப்படியோ, பதிவாகாத இசையும் அப்படியே. நூலையாவது ஏட்டில் படிக்கலாம். சிம்பொனியை அறுபது எழுபது கலைஞர்கள் ஒன்றுகூடி வாசித்தாலன்றிக் கேட்க முடியாது.

பதிவு செய்வதும் எளிதாக இருக்கவில்லை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடங்களே ஓடும். அரை மணி நேரச் சிம்பொனிக்கு நான்கு தட்டுகள் வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்த பின்னரே இத்தொல்லை தீர்ந்தது. ஆனால் வணிகர் மனம் மாறிவிடுமா? விற்கும் பெயரையே அவர்கள் மீண்டும் மீண்டும் பதித்தார்கள்.

எனவே வேறு சிலர் இப்பணியை மேற்கொண்டனர். கவலே 1934இல் புது இசைக்கென ஓர் இசைத்தட்டு வரிசையைத் தொடங்கினார். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் இசைக்குழுவுக்கு 1953இல் ராக்பெல்லர் அறக்கட்டளை 4,00,000 டாலர் வழங்கியது. புதுப் படைப்புகளை எழுதச் சொல்லி, வாசித்து, தட்டாகவும் வெளியிட்டார்கள். தலைநகரமும் அல்லாத ஒரு நடுத்தர ஊர் செய்த காரியம் இது. 1954இல் இசையமைப்பாளர்களே கூடி அமைத்த சி.ஆர்.ஐ. நிறுவனம், விற்றாலும் விற்காவிட்டாலும் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்ற கொள்கையை வைத்திருந்தது. 2003இல் அது மூடப்பட்டபோதும் அதன் பதிவுகள் வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்புக்குச் சென்றன.

இன்னொருவர் ஆலன் ஹோவனெஸ். 67 சிம்பொனிகள் இயற்றிய இவரும் 1959-60இல் சென்னையில் தங்கிக் கர்நாடக இசை பயின்றவர். நம் வானொலி நிலையத்து வாத்தியக் குழுவுக்கென 'நாகூரன்' என்றொரு படைப்பையும் இயற்றினார். பின்னர் 1963இல் தம் இசையைத் தாமே வெளியிடத் தனி இசைத்தட்டு நிறுவனம் கண்டார்.

அவருடைய இரண்டாம் சிம்பொனியின் பெயர் 'மர்ம மலை'. பிரிட்ஸ் ரைனர் 1958இல் சிகாகோ குழுவைக் கொண்டு பதிவு செய்தது. சென்ற கோடை விடுமுறையில், ஜமுனாமரத்தூரில் ஓய்வுபெற்று வாழும் ஆசிரியர் ஒருவர் வீட்டில் அந்தத் தட்டைக் கேட்டேன். உடன் வந்திருந்த என் ஆயா திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது கண்ணாலத்துக்கு வாசிக்கிறதா, சாவுக்கு வாசிக்கிறதா?" என்றார். ஆசிரியரே விடை சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. லூயிவில் நகரத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கும் நான், ஆயா பாடும் சாமை அறுப்புப் பாட்டை ஒருநாளும் பதிவு செய்ததில்லை. அன்றிரவே கைபேசியை அவர் முன் வைத்தேன். மூன்று அடி பாடினார். நான்காவது வரவில்லை. "கூடப் பாடுறவ இருந்தா வரும். அவ போய்ச் சேர்ந்து நாலு வருசமாச்சு" என்றார். அந்த மூன்று அடியும், அதன்பின் அவர் சொன்ன சொல்லும் என்னிடம் பதிவாக இருக்கின்றன. அடுத்த அறுப்புக்கு மேலூரில் உள்ள இன்னொரு கிழவியிடம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.